ஏற்றத்துக்குச் சிறிய கியர் வேண்டும்

இதயச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியோர் மறுபரிசோதனைக்கு வரும்போது கேட்கும் கேள்விகளுள் 'மிதிவண்டி ஓட்டலாமா?' என்பதும் ஒன்று. உடற்பயிற்சிச் சோதனையின் முடிவைப் பார்த்தபின், பெரும்பாலோருக்கு 'ஓட்டலாம்' என்றே விடை கூறுகிறோம். சமவெளியில் வாழ்வோருக்கு அவ்விடை போதும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் வால்பாறையிலும் ஏற்காட்டிலும் வாழ்வோருக்கு அது பாதி விடையே. வாசலைத் தாண்டினால் ஏற்றம், கடைத்தெருவுக்குப் போனால் இறக்கம், திரும்பி வந்தால் மீண்டும் ஏற்றம் என்று வாழ்பவருக்கு, எந்த வண்டியில், எந்தக் கியரில் என்னும் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். மருத்துவமனை மடலில் பற்சக்கரக் கணக்கு எதற்கு என்று சிலர் வியக்கலாம். மாத்திரையின் அளவை மில்லிகிராமில் எழுதித் தரும் நாங்கள், உழைப்பின் அளவை மட்டும் 'பார்த்துச் செய்யுங்கள்' என்ற இரு சொற்களில் முடித்துவிடுவது முறையன்று என்பதே எங்கள் விடை.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மலைப்பாங்கான ஊரில் வாழும் இதய நோயாளர், முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர், பல்லாண்டு இடைவெளிக்குப் பின் மீண்டும் மிதிவண்டி ஏறும் நடுவயதினர் ஆகியோருள் பலருடைய வண்டியில் உள்ள கடைசிக் கியர் அவர்களுக்குப் போதாது. அதனினும் சிறிய கியர் வேண்டும். அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிறிய கியர் என்றால் என்ன என்பதைச் சற்று விளக்குவோம். மிதிகட்டையோடு சேர்ந்து சுழலும் பற்சக்கரம் முன்னே இருக்கிறது. பின்சக்கரத்தின் நடுவே மற்றொன்று இருக்கிறது. இரண்டையும் சங்கிலி இணைக்கிறது. முன்னே 44 பல், பின்னே 18 பல் உள்ள கியரில்லாத வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மிதிகட்டை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். பெரியவர்கள் ஓட்டும் 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் உருளும். ஆகவே ஒவ்வொரு மிதிச் சுற்றுக்கும் வண்டி 5 மீட்டருக்கு மேல் முன்னே போகிறது. தஞ்சாவூர்ச் சாலையில் இது மிக நல்ல ஏற்பாடு. மலைச்சாலையிலோ, ஒரு சுற்றில் 5 மீட்டர் தொலைவுக்கும் உடலையும் வண்டியையும் மேலே தூக்க வேண்டியிருக்கிறது. முன்னே 22 பல்லும் பின்னே 34 பல்லும் உள்ள வண்டியில் ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறத்தாழ 1.4 மீட்டரே போகிறோம். இதைத்தான் சிறிய கியர் என்கிறோம். சிறிதளவு தூக்கு, அடிக்கடி தூக்கு என்பதே இதன் பொருள். நெல் மூட்டையை ஒரே மூச்சில் பரணில் ஏற்றுவதற்கும், படிப்படியாக மரக்காலால் அள்ளி ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

மலைப்பாதைப் பேருந்தில் ஏறியவர் எவருக்கும் இது புதிதன்று. கொண்டை ஊசி வளைவு வந்ததும் ஓட்டுநர் முதல் கியருக்கு இறங்குகிறார். வண்டி முனகிக்கொண்டு மெல்ல ஏறுகிறது. அவரை எவரும் வலுவில்லாதவர் என்று சொல்வதில்லை. மாற்றாதவரைத்தான் அனுபவம் இல்லாதவர் என்கிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் மலை இரயிலும் அப்படியே. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி உயரும் பாதையில், அது தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்சட்டத்தைப் பற்சக்கரத்தால் கவ்விக்கொண்டு, மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் ஊர்கிறது. 46 கிலோமீட்டர் ஏற ஏறத்தாழ 5 மணி நேரம் எடுத்துக்கொள்ளும் அந்த இரயில் குன்னூருக்கு 1899 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி, உடலின் கணக்குக்கு வருவோம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 15 கிலோ எடையுள்ள மிதிவண்டியில் 6 விழுக்காட்டுச் சரிவில் ஏறுகிறார் என்று கொள்வோம். அதாவது 100 மீட்டர் போனால் 6 மீட்டர் உயரும் சாலை. மலையூர்களில் இது கடுமையான ஏற்றம் அன்று, அன்றாடம் எதிர்ப்படுவதே. மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் அவருடைய கால்கள் ஏறத்தாழ 95 வாட் ஆற்றலைத் தர வேண்டும். மணிக்கு 10 கிலோமீட்டர் என்றால் அது 155 வாட்டுக்கு மேல் போய்விடும். முன்பு சொன்ன 44-க்கு 18 வண்டியில், நிமிடத்துக்கு 60 சுற்று என்ற இயல்பான சுழற்சியில் ஏற முயன்றால், வேகம் மணிக்கு 19 கிலோமீட்டர். தேவைப்படும் ஆற்றல் 300 வாட்டைத் தாண்டும். அது பயிற்சி பெற்ற பந்தய வீரர்களின் எல்லை. அவ்வண்டியில் மெதுவாக ஏறலாமே என்றால், மணிக்கு 6 கிலோமீட்டரில் மிதிகட்டை நிமிடத்துக்கு 18 முறைதான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் படிக்கட்டில் நின்று பாரம் தூக்குவதுபோல் ஆகிவிடும். இறுதியில் வண்டி நின்றுவிடும், அல்லது ஓட்டுபவர் எழுந்து நின்று முழு எடையையும் போட்டு மிதிப்பார்.

ட்ரெட்மில் சோதனை செய்துகொண்டவர்கள் தங்கள் அறிக்கையில் 'மெட்' என்றோர் எண்ணைக் கண்டிருப்பார்கள். சும்மா அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் உயிர்வளியின் அளவு ஒரு மெட். மேலே சொன்ன ஏற்றத்தில் மணிக்கு 6 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 6 மெட். மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது 9 மெட்டை ஒட்டியது. சோதனையில் 10 மெட் வரை தடையின்றி எட்டியவருக்கு, 6 மெட் உழைப்பு நெடுநேரம் தாங்கக்கூடியது. 9 மெட் அவருடைய உச்சத்துக்கு மிக அருகில் உள்ளது. சரிவும் அதே, மனிதரும் அவரே. அவர் 6 மெட்டில் ஏறுவாரா, 9 மெட்டில் ஏறுவாரா என்பதை முடிவு செய்வது எது? மனஉறுதி என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அதை முடிவு செய்வது பின்சக்கரத்தில் உள்ள பற்களின் எண்ணிக்கையே.

இதுவே இக்கட்டுரையின் மையம். சிறிய கியர் இருந்தால் உழைப்பின் அளவை நோயாளர் தீர்மானிக்கிறார். இல்லாவிட்டால் மலை தீர்மானிக்கிறது. நாங்கள் 'மிதமான உழைப்பு' என்று எழுதித் தருவதை, பெரிய கியர் உள்ள வண்டி முதல் மேட்டிலேயே அழித்து 'கடும் உழைப்பு' என்று திருத்தி எழுதிவிடுகிறது.

ஒரு நிகழ்வைச் சொல்ல விரும்புகிறோம். அடைப்பு நீக்கப்பட்டு ஸ்டென்ட் வைக்கப்பட்ட ஒரு பெரியவர், ஆறு மாதங்களுக்குப் பின் மிகவும் சோர்ந்த முகத்தோடு வந்தார். 'வீட்டுக்குப் பக்கத்து மேட்டில்கூட ஏற முடியவில்லை, டாக்டர். இதயம் மறுபடியும் பலவீனமாகிவிட்டது போலிருக்கிறது' என்றார். அவருடைய துணைவியாரும் அதையே நம்பினார். மிதிவண்டியைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துவிட்டார். எக்கோ பரிசோதனையில் மாற்றம் ஏதுமில்லை. ட்ரெட்மில்லில் முன்போலவே 8 மெட் வந்தது. வண்டியைப் பற்றி விசாரித்தோம். மகன் அன்போடு வாங்கித் தந்த, மெல்லிய சக்கரங்கள் கொண்ட, பந்தய வகை வண்டி அது. முன்னே உள்ள சிறிய பற்சக்கரத்தில் 39 பல்; பின்னே உள்ள பெரியதில் 25. அதன் கடைசிக் கியரில், கால்கள் திணறும் அளவுக்கு மெதுவாக, நிமிடத்துக்கு 40 சுற்று மிதித்தாலும், அந்தச் சரிவுக்கு 7 மெட்டுக்கு மேல் வேண்டும். அவருடைய உச்சமோ 8. இதயம் பலவீனமாகவில்லை, கியர் பெரிதாக இருந்தது. பின்னர் அவர் முன்னே 24, பின்னே 34 பல் உள்ள வேறொரு வண்டிக்கு மாறினார். அதிலும் அந்த மேடு அவருக்கு எளிதன்று. நடுவில் ஒருமுறை நின்று இளைப்பாறுகிறார். ஆனால் ஏறிவிடுகிறார், நாள்தோறும் போகிறார்.

பற்சக்கரத்தின் குறையை இதயத்தின் குறையாக எண்ணிப் பயிற்சியைக் கைவிடுவோர் எத்தனை பேர் என்று எண்ணும்போது எங்களுக்குக் கவலை உண்டாகிறது. மருந்துகளைத் தவறாது உட்கொள்வதைப் போலவே, மாரடைப்புக்குப் பிந்தைய வாழ்வில் ஒழுங்கான உடற்பயிற்சியும் உயிர்காக்கும் செயல். அதை ஒரு தவறான வண்டியின் பொருட்டு இழப்பது பெரிய இழப்பு.

மகன்களுக்கும் மகள்களுக்கும் இவ்விடத்தில் ஒரு சொல். அப்பாவுக்குப் பரிசளிக்க விரும்பும்போது விலையுயர்ந்த, எடை குறைந்த, வேகமான வண்டியை நாடுகிறீர்கள். உங்கள் அன்பை மதிக்கிறோம். ஆயினும், 10 கிலோ வண்டிக்கும் 15 கிலோ வண்டிக்கும் உள்ள வேறுபாடு, ஓட்டுபவரின் எடையோடு சேர்த்துப் பார்த்தால் 85-க்கு 5. சிறிய கியர் தரும் தளர்வோ இருமடங்கு. 21 கியர், 24 கியர் என்று விளம்பரத்தில் காணும் எண்ணும் ஏமாற்றக்கூடியது. எத்தனை கியர் என்பது பொருட்டன்று. அவற்றுள் மிகச் சிறியது எவ்வளவு சிறியது என்பதே பொருட்டு.

சிறிய கியருக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களுள் முதன்மையானது, 'எளிதாக மிதித்தால் பயிற்சியின் பலன் குறையும்' என்பது. இது தவறு. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அந்த 6 விழுக்காட்டு மேட்டின் உச்சியை அடைய, 85 கிலோவை 60 மீட்டர் உயர்த்தியாக வேண்டும். எந்தக் கியரிலும் அந்த வேலை ஒன்றே. மணிக்கு 6 கிலோமீட்டரில் போகிறவர் அதைப் பத்து நிமிடங்களில் செய்கிறார். 10 கிலோமீட்டரில் போகிறவர் ஆறு நிமிடங்களில் செய்கிறார். கடன் ஒன்றுதான், தவணைதான் வேறு. நீண்ட தவணையில் செலுத்துபவர் கடனைக் குறைத்துச் செலுத்தவில்லை.

இரண்டாவது வாதம் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. ஆனால் அதுவே வலியது. பின்னே சோற்றுத் தட்டளவு பெரிய பற்சக்கரத்தை மாட்டிக்கொண்டு, கால்கள் வேகமாகச் சுழல, வண்டி மட்டும் நடப்பவரின் வேகத்தில் நகர்வது பார்ப்போருக்கு வேடிக்கையாக இருக்கும் என்ற கூச்சம் அது. இந்தக் கூச்சம் மிதிவண்டியின் வரலாற்றளவு பழையது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கி நடத்திய ஆன்ரி டெக்ராஞ்ச், மாறும் கியர்கள் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே உரியவை என்ற கருத்தை 1902-ஆம் ஆண்டில் எழுதினார். தசையின் வலிமையால் வெல்வதே பெருமை என்பது அவர் கொள்கை. அதே காலத்தில் செயின்ட் எட்டியன் நகரில் வாழ்ந்த பால் டி விவி என்பவர், வெலோசியோ என்ற புனைபெயரில், மலையேறப் பல கியர்கள் வேண்டும் என்று தம் இதழில் விடாது எழுதிவந்தார். தாமே அத்தகைய வண்டிகளில் மலையேறியும் காட்டினார். டெக்ராஞ்சின் பந்தயத்தில் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பற்சக்கரத்தால் ஏறினார்கள். கியர் மாற்றும் கருவி அப்பந்தயத்தில் அனுமதிக்கப்பட்டது 1937-இல்தான். இன்று அதே பந்தயத்தில் ஓடும் இருபத்தைந்து வயது இளைஞர்கள் பின்னே முப்பதும் அதற்கு மேலும் பற்கள் கொண்ட சக்கரங்களோடு ஆல்ப்ஸ் மலை ஏறுகிறார்கள். வெலோசியோவின் கட்சி வென்றுவிட்டது. நம் ஊர் மேட்டில் கூச்சப்படுவதற்கு இனிக் காரணம் இல்லை. தவிர, நாற்பத்தைந்தைக் கடந்தவர்களுக்கு உரியது என்பதை ஒரு வசையாக நாங்கள் கருதவில்லை. எங்களுள் பலர் அவ்வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறோம்.

இதயத்துக்கு அப்பாலும் காரணங்கள் உண்டு. ஒரே வேகத்தில், ஒரே ஆற்றலோடு ஏறும்போது, மிதிச் சுழற்சி இருமடங்கானால் ஒவ்வொரு மிதியின் அழுத்தமும் பாதியாகிறது. முழங்கால் சில்லுக்குப் பின்னே உள்ள குருத்தெலும்பு இந்த அழுத்தத்தை நேரடியாகத் தாங்குகிறது. மேடேறிய மறுநாள் படிக்கட்டில் இறங்கும்போது முழங்காலின் முன்புறம் வலிக்கிறது என்போர், வலிநிவாரணத் தைலத்துக்கு முன்பாகக் கியரையும் இருக்கையின் உயரத்தையும் கவனிக்க வேண்டும். மிதிகட்டை கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான உயரம். கால் தரையில் ஊன்ற வசதியாக இருக்கட்டும் என்று இருக்கையைத் தாழ்த்தி வைப்பது நம் ஊரில் பெருவழக்கு. முழங்காலுக்கு அது நன்மை செய்வதில்லை.

மார்பெலும்பைத் திறந்து பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இன்னொரு காரணம். பெரிய கியரில் மேடேறுபவரைக் கவனித்துப் பாருங்கள்: கால் போதாமல் கைகளால் ஹேண்டில்பாரை இழுப்பார். ஒவ்வொரு மிதிக்கும் ஓர் இழுப்பு. அந்த இழுப்பு தோள்வழியே மார்பெலும்பின் தையலுக்குப் போய்ச் சேர்கிறது. அந்த எலும்பு நன்கு கூட ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை சாலையில் மிதிவண்டியே வேண்டாம். அதன் பின்னரும், கைகள் ஹேண்டில்பாரின்மேல் தளர்வாகக் கிடக்கும் அளவுக்குச் சிறிய கியரில் மட்டுமே ஏறலாம். மூச்சை அடக்கி முக்கி மிதிப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. அந்நேரத்தில் இரத்த அழுத்தம் சட்டென்று உயரும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவரும், குடலிறக்க அறுவை செய்துகொண்டவரும் இதைத் தவிர்க்க வேண்டும்.

அப்படியானால் நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்கலாமா என்று, இணையத்தில் பந்தய வீரர்களைக் கண்ட இளைஞர்கள் கேட்பதுண்டு. வேண்டியதில்லை. கால்களை வெறுமனே வேகமாகச் சுழற்றுவதற்கும் உயிர்வளி செலவாகிறது. குறைந்த ஆற்றலில் ஓட்டுபவருக்கு அது வீண் செலவு. 60 முதல் 75 வரை போதும். கடிகாரத்தின் விநாடி முள்ளோடு ஒத்து ஒரு சுற்று, அல்லது அதனினும் சற்று விரைவு. மிகச் சிறிய கியரில் வண்டி தள்ளாடுமே என்ற அச்சம் நியாயமானது. மணிக்கு 4 கிலோமீட்டருக்குக் கீழே நேராக ஓட்டுவது எவருக்கும் கடினம். போக்குவரத்து இல்லாத இடத்தில் சில நாள் பழகினால் 5 கிலோமீட்டர் வேகத்தில் நேராகச் செல்ல வந்துவிடும்.

அதற்கும் மேல் செங்குத்தான இடம் வந்தால், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். இதை நாங்கள் தயக்கமின்றிச் சொல்கிறோம். 6 விழுக்காட்டுச் சரிவில் மணிக்கு 3 கிலோமீட்டரில் வண்டியைத் தள்ளி நடப்பது 4 முதல் 5 மெட் வரை. நம் கிராமங்களில் பால்கேன் கட்டிய வண்டியை மேட்டில் தள்ளிச் சென்ற தாத்தாக்கள் இந்தக் கணக்கை அறியாமலே சரியாகச் செய்தார்கள். சோதனையில் 7 மெட்டோடு நின்றுவிட்டவருக்கு, அந்தச் சரிவு இப்போதைக்கு மிதிக்கும் இடமன்று, தள்ளும் இடம். சில மாதப் பயிற்சிக்குப் பின் மறுபடியும் சோதித்துப் பார்ப்போம்.

எவ்வளவு உழைக்கிறோம் என்பதைச் சாலையில் எப்படி அறிவது? பீட்டா தடுப்பு மாத்திரை உண்பவர்களுக்கு நாடித்துடிப்பு இயல்பாக உயர்வதில்லை. ஆதலால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். பேச்சே நல்ல அளவுகோல். ஒரு குறளின் ஏழு சீரையும் இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் உழைப்பு மிதமானது. முதலடியிலேயே மூச்சு முறிந்தால் கியரைக் குறைக்க வேண்டும். குறைக்க இனிக் கியர் இல்லையென்றால் இறங்க வேண்டும். உதகையின் உயரத்தில் காற்றின் அழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ விடுமுறைக்குப் போய், வாடகை மிதிவண்டி எடுக்க விரும்புவோர், ஊரில் தாம் ஏறும் மேட்டை அங்கே ஏற முடியாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மேடேறியவர் இறங்கியும் ஆக வேண்டும். ஸ்டென்ட் வைத்துக்கொண்டோர் இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரைகளை உட்கொள்கிறார்கள். கீழே விழுந்தால் அவர்களுக்கு இரத்தக் கசிவு எளிதில் நிற்பதில்லை. தலையில் அடிபட்டால் ஆபத்து மிகுதி. தலைக்கவசம் இன்றி மலைச்சாலையில் மிதிவண்டி ஓட்டுவதை நாங்கள் ஒருபோதும் ஏற்பதில்லை. பிரேக் கட்டைகளையும் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்வோர் சட்டைப்பையில் சர்க்கரையோ குளுக்கோஸ் மாத்திரையோ வைத்திருக்க வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை எழுதித் தரப்பட்டவர்கள் அதையும் உடன் வைத்திருக்க வேண்டும்.

கடையில் என்ன கேட்பது? பிராண்டைக் கேட்க வேண்டாம். முன்னே உள்ள மிகச் சிறிய பற்சக்கரத்தில் எத்தனை பல், பின்னே உள்ள மிகப் பெரியதில் எத்தனை பல் என்று கேளுங்கள். நம்பாவிட்டால் எண்ணிப் பாருங்கள், ஒரு பல்லில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு எண்ணுவது எளிது. முன்னெண் பின்னெண்ணைவிடப் பெரிதாக இருந்தால் அவ்வண்டி மலையூர் நோயாளருக்கு ஏற்றதன்று. இரண்டும் சமமாக இருப்பது மென்மையான மேடுகளுக்குப் போதும். முன்னெண், பின்னெண்ணில் முக்கால் பங்கோ அதற்குக் குறைவோ இருந்தால் நாங்கள் நிறைவடைவோம். இப்போதுள்ள வண்டியை விற்க வேண்டும் என்பதில்லை. பல வண்டிகளில் பின்புறப் பற்சக்கரத் தொகுதியை மட்டும் மாற்றிப் பெரிதாக்கலாம். சங்கிலியின் நீளமும் கியர் மாற்றும் கருவியும் அதற்கு இடம் தருமா என்பதை மெக்கானிக் பார்த்துச் சொல்வார். மின்மோட்டார் உதவும் மிதிவண்டிகளும் இப்போது கிடைக்கின்றன. அவை நல்லவையே, ஆனால் மின்கலம் பாதி மலையில் தீர்ந்துபோனால், வழக்கத்தைவிடக் கனமான வண்டியோடு நிற்க நேரும். அவற்றிலும் சிறிய கியர் இருக்கட்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இக்கட்டுரையைப் படித்துவிட்டு, ஒவ்வொரு மூச்சிரைப்புக்கும் கியரைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. ஒரே வண்டியில், ஒரே கியரில், ஒரே மேட்டில் நாள்தோறும் ஏறுபவருக்கு அந்த மேடே ஓர் அளவுகோலாகிவிடும். நேற்றுவரை பத்து நிமிடத்தில் பேசிக்கொண்டே ஏறிய இடத்தில் இன்று மூச்சிரைக்கிறது, இருமுறை நிற்க வேண்டியிருக்கிறது என்றால், அது கியரின் குறையன்று. இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று இராமல் அன்றே வந்து காட்டுங்கள். மிதிக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் ஆகியவை தோன்றினால் உடனே இறங்கி அமருங்கள். எழுதித் தரப்பட்டிருந்தால் நாக்கின் அடியில் மாத்திரையை வைத்து, ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். வண்டியைச் சாலையோரத்தில் விட்டு வரத் தயங்க வேண்டாம்.

அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது, மருந்துச் சீட்டோடு ஒரு துண்டுத் தாளில் இரண்டு எண்களை எழுதிக்கொண்டு வாருங்கள்: முன்னே எத்தனை பல், பின்னே எத்தனை பல். உங்கள் வீட்டருகே உள்ள மேட்டை ஏற எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் எழுதினால் இன்னும் நல்லது. ட்ரெட்மில் அறிக்கையை அருகில் வைத்துக்கொண்டு நாம் சேர்ந்தே கணக்கிட்டுப் பார்க்கலாம்.